பன்னெண்டு வண்டி ஆயில், ஒரே பாட்டில்

தூண்டிவிட்டேனா? நானா? யார சார் தூண்டிவிட்டேன்? இருபத்திரெண்டு வருசமா ஸ்டீரிங் புடிக்கிற மனுசன், லாரில டெல்லி வரைக்கும் போய்ட்டு வந்தவரு, அவருக்கு வண்டிய எங்க நிறுத்தணும்னு ஃபைனல் இயர் மெக்கானிக்கல் பொண்ணு ஒருத்தி வந்து காதுல ஓதணுமா? நேத்துக் காலைல டேஷ்போர்டுல செவப்பு பல்பு எரிஞ்சுது, ஓரங்கட்டி நிறுத்துனாரு. அவ்வளவுதான் நடந்துச்சு. அந்த பல்பு பின்ன எதுக்கு இருக்குதுன்னு நெனைச்சீங்க, மாரியம்மன் நோம்பிக்குப் போட்ட சீரியல் லைட்டா? ஆயில் பிரஷர் போச்சு, இஞ்சின ஆஃப் பண்ணுன்னு சொல்ற பல்பு சார் அது. நீங்க டாக்டர் கோதண்டபாணி, பேருக்கு முன்னாடி பட்டம், பின்னாடி பட்டம், உங்களுக்கு இது தெரியாதுன்னு சொன்னா நம்பவா? இதெல்லாம் நேத்து சாயங்காலம் உங்க ரூம்ல வெச்சே சொல்லிருக்கணும். டிரைவர நாந்தான் கெளப்பி விட்டேன்னும், என் பேப்பர் டெஸ்டு சின்னப் புள்ளைங்க மை தெளிச்சு வெளையாடற வெளையாட்டுன்னும், கையெழுத்து போட்ட ரிப்போர்ட்டுக்கு எதிரா இப்பப் பேசறது எவ்வளவு பெரிய தப்புன்னும் நீங்க அடுக்கிட்டே போனப்ப வாயத் தொறந்திருக்கணும். தொறந்தேன். ரெண்டு தடவ சார், சார்னு சொல்லிட்டு மூடிக்கிட்டேன். கிளாஸ்ல வாயாடின்னு பேர் வாங்குனவ, கேன்டீன்ல பழைய பஜ்ஜிக்கு மேனேஜர் வரைக்கும் போய் சண்ட போட்டவ, உங்க ஏசிக்கு நேரா ஈரக்கோழி மாதிரி நின்னேன். பதிலெல்லாம் இப்பத்தான் வருது, வரிசையா, ஒண்ணு மேல ஒண்ணு முட்டிக்கிட்டு, காலைல ஏழே முக்காலுக்கு, சங்ககிரி ஸ்டாப்புல ஏறி ஒன்பதாம் நம்பர் பஸ்ஸுல டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னாடி உக்காந்தப்பறம். முன்னாடி செங்கோட்டுவேல் அண்ணன் முதுகு. காக்கிச் சட்ட, காலருக்குள்ள மடிச்சு வெச்ச கர்ச்சீப்பு, அதுக்கு மேல கழுத்துல ரெண்டு கோடு. இன்னைக்குப் பதினோரு மணிக்கு அந்த முதுக உங்க கமிட்டி முன்னாடி நிக்க வெச்சு விசாரிக்கப் போறீங்க. வேணும்னே நடுவழில நிறுத்தி அம்பத்திரெண்டு பேர மாடல் எக்ஸாமுக்கு லேட் பண்ணாருன்னு மெமோ. வேலைய விட்டுத் தூக்கிருவீங்க, தூக்கறதுக்குத்தான் கமிட்டியே. அதுல டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் ஒருத்தர், ஆஃபீஸ்ல இருந்து ஒருத்தர், டெக்னிக்கல் எக்ஸ்பர்ட்டா நீங்க. எக்ஸ்பர்ட். அந்த வார்த்தையக் கேட்டா சிரிப்பு வரணும், வர மாட்டேங்குது.

பக்கத்துல அபிதா தூங்கறா, வாயக் கொஞ்சமாத் தொறந்துக்கிட்டு, என் தோள்ல தலையச் சாச்சுக்கிட்டு. காலேஜ் பஸ்ஸுங்களுக்கு ஆயில எப்ப மாத்தணும்னு டெஸ்ட் பண்ற புராஜெக்ட்டுல இவளும் என் டீம்தான், கைடு நீங்க. நேத்து போன்ல ஒரு மணி நேரம் அட்வைஸ் பண்ணா, வைவா மார்க்கு அவர் கையில இருக்குடி, இன்னும் ஒன்ற மாசந்தான்டி, டிரைவருக்கு வேற காலேஜ்ல வேல கெடைக்கும்டி. வேற காலேஜ். நாமக்கல் ஜில்லால ஒரு காலேஜ்காரன் தொரத்துன டிரைவர இன்னொரு காலேஜ்காரன் கூப்ட்டு வெச்சுக்குவானா, எல்லாரும் ஒரே கல்யாணத்துல ஒரே பந்தில உக்காந்து சாப்பிடறவங்க. இவ தூக்கத்தப் பாத்தா பொறாமையா இருக்கு. எனக்குக் காது மூட மாட்டேங்குது. இஞ்சின் சத்தத்துக்குள்ள இன்னொரு சத்தம் இருக்கு, டக், டக், டக்குன்னு, பூட்டுன கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வெரல் முட்டில தட்டற மாதிரி. போன வாரம் இது இல்ல. போன வாரம் இருந்துச்சா? ஆக்ஸிலேட்டர அமுக்குனா மறையுது, விட்டா வருது. பேரிங்கா இருக்கலாம். இல்ல, முன்னாடி கதவு லாக்கா இருக்கலாம். கதவுதான்னு வெச்சுக்கலாம். இப்படித்தான் எல்லாரும் வெச்சுக்கறாங்க, கதவுன்னு. பின்சீட்டுல எவனோ பாட்டுப் போடறான், ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்க ரெண்டு பேரு ஃபார்முலா ஒப்பிச்சுட்டு வருதுங்க, ஒருத்தி டிபன் பாக்ஸத் தொறந்து லெமன் சாதம் வாசன பஸ்ஸு பூரா. அந்த வாசனைக்கு அடியில இன்னொரு வாசன, லேசா இனிப்பா, சூடா. ரேடியேட்டர்ல ஊத்தற பச்சக் கலர் கூலன்ட் வாசன. எனக்கு மட்டுந்தான் வருதா? மூக்கப் பொத்துனாலும் வருது.

கறுப்பா இருந்தா மாத்து. இதுதான் சார் நம்ம ஆளுங்களோட ஆயில் டெஸ்டு. ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்க உருவு, கட்ட வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வெச்சுத் தேயி, மூக்குகிட்டக் கொண்டு போ, மொகத்தச் சுளி, ஆயில் செத்துப் போச்சுன்னு சாவுச் செய்தி சொல்லு. டீசல் இஞ்சின்ல ஊத்துன ஆயில் ரெண்டாம் நாளே கறுக்கும். கறுக்கணும். கரியத் தன் மேல ஏத்திக்கிட்டுச் சொமக்கறதுதான் அதோட வேல. சொமக்கற தெம்பு இன்னும் இருக்குதா இல்லையாங்கறதுதான் கேள்வி, அது கலர்ல தெரியாது, அதுக்குத்தான் அந்தச் சின்னப் புள்ள வெளையாட்டு. வண்டி ஓடி வந்து நின்ன சூட்டோட டிப்ஸ்டிக்ல இருந்து ஒரு சொட்டு, ஃபில்டர் பேப்பர் நடுவுல. அப்பறம் தொடாம, காத்து படாம விட்ரணும். நல்ல ஆயில்னா சொட்டு வெளிய நடந்து போகும், நடுவுல கறுப்பு, அப்பறம் சாம்பல், அப்பறம் மங்கி மங்கி பேப்பரோட பேப்பராக் கலந்துரும். தெம்பு போன ஆயில் நடக்காது. கரிய நடுவுலயே எறக்கி வெச்சுட்டு உக்காந்துக்கும், சுத்திலும் கோடு கிழிச்ச மாதிரி விளிம்பு. பன்னெண்டு பஸ்ஸுக்கும் பன்னெண்டு பேப்பர் எங்க வீட்டு ஹால்ல வரிசையா வெச்சிருந்தேன். தறிக்குப் போய்ட்டு வந்த அம்மா, என்னடி அப்பளம் காயப்போட்டிருக்கன்னு கேட்டுட்டு, ரெண்டு நாளு செவுத்த ஒட்டியே நடந்தாங்க, ஒரு தடவ கூட மிதிக்கல. ஆறாங்கிளாஸோட நின்னவங்களுக்கு அந்தப் பேப்பருக்கு ஒரு மரியாத இருந்துச்சு. உங்களுக்கு மை தெளிச்ச வெளையாட்டு. பதினோரு பேப்பர்ல சொட்டு பரவி அழகா இருந்துச்சு, நெசமாவே அழகா, மரத்த அறுத்தா உள்ள தெரியுமே வட்டம், அப்படி. ஒன்பதாம் நம்பர் பரவல. நடுவுல பச போட்ட மாதிரி ஒரு பொட்டு, விளிம்பு பல்லுப் பல்லா. லேப்ல ஹாட் பிளேட்டச் சூடு பண்ணி ஒவ்வொரு சொட்டா விட்டேன். பதினொண்ணும் சும்மா பொகஞ்சுது. ஒன்பது மட்டும் சடசடன்னு வெடிச்சுது, தோசக்கல்லுல தண்ணி தெளிச்சா துள்ளுமே, அதே சத்தம். தண்ணி. ஆயிலுக்குள்ள தண்ணி. செங்கோட்டுவேல் அண்ணன் மொத நாளே சொன்னாரு, ரெண்டு நாளைக்கு ஒரு லிட்டரு ரேடியேட்டருக்கு ஊத்தறேன் அம்முணி, கீழ ஒரு சொட்டு ஒழுகல, எங்கதான் போவுதோ. எங்க போச்சுன்னு நான் கண்டுபுடிச்சேன். உள்ளயே எங்கயோ ஒட்ட, தண்ணி ஆயில்ல போய்ச் சேருது. கண்டுபுடிச்ச அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம்னு நெனைச்சா இப்ப அசிங்கமா இருக்கு. ஒரு வண்டி கெட்டுப் போயிருக்குன்னு தெரிஞ்சு லேப்ல தனியா நின்னு சிரிச்சேன். டெஸ்டு வேல செய்யுது. நான் சொன்னது நடக்குது.

அந்தச் சிரிப்போட உங்ககிட்ட ஓடி வந்து, ஒன்பதுல தண்ணி இருக்கு சார்னு சொன்னேன். நீங்க லேப்டாப்ப விட்டுத் தலையத் தூக்கல, வெள்ளிக்கிழமக்குள்ள கான்ஃபரன்ஸ் பேப்பர் அனுப்பணும் உங்களுக்கு. வீட்டு ஹால்ல காய வெச்ச பேப்பரெல்லாம் பப்ளிகேஷனுக்கு ஆகாது, வெளி லேப் ரிப்போர்ட் வேணும்னு சொன்னீங்க. சரி, நியாயம். கோயமுத்தூர்ல இருந்து கிட் வந்துச்சு. உள்ள ஒரே பாட்டில். ஒண்ணே ஒண்ணு, சத்து டானிக் பாட்டில் சைஸுக்கு. இன்னும் பதினொண்ணு அனுப்புங்கன்னு ஒரு மெயில் போட்டிருந்தா நாலு நாள்ல வந்திருக்கும். அந்த நாலு நாளு உங்ககிட்ட இல்ல. அதுக்கு நீங்க கண்டுபுடிச்சீங்க பாருங்க ஒரு வழி, உலகத்துல எந்த மெக்கானிக்கும், அந்த வெரலத் தேச்சு மோந்து பாக்கற மெக்கானிக்கு கூட, பண்ண மாட்டான். பன்னெண்டு பஸ் ஆயிலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அந்த ஒரே பாட்டில்ல கலந்து அனுப்பு. ரெப்ரசன்டேட்டிவ் சாம்பிள். பேரு எவ்வளவு கம்பீரமா இருக்கு. ஸ்டாஃப் ரூம்ல பன்னெண்டு பேர் ரத்தத்த ஒரே ஊசில எடுத்து சுகர் பாத்துட்டு, நார்மல்தான், எல்லாரும் போய் ஜாங்கிரி சாப்பிடுங்கன்னு சொல்வீங்களா? எங்கம்மாவுக்கு முந்நூத்திப் பத்து இருக்கு, அவங்க ரத்தத்த இந்தப் பஸ்ஸுல தூங்கற புள்ளைங்க ரத்தத்தோட கலந்தா அவங்களும் நார்மல்தான். கிளாஸ் ஆவரேஜ் அறுவத்தெட்டுன்னா யாரும் ஃபெயிலாகலன்னு அர்த்தமா? அரியர் லிஸ்ட் ஒட்டறப்ப மட்டும் ஒவ்வொருத்தன் பேரையும் தேடித் தேடி ஒட்டறீங்களே. ஒரு வண்டித் தண்ணி பன்னெண்டுல ஒரு பங்காயிரும்னு பத்தாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். லேப்புக்காரன் மேல தப்பில்ல. குடுத்ததப் பாத்தான், திருப்திகரம்னு எழுதி அனுப்புனான். அவனுக்கு அது ஒரு வண்டி. இல்லாத ஒரு வண்டி. பதிமூணாவது பஸ்ஸு, உலகத்துல எந்த ரோட்டுலயும் ஓடாத பஸ்ஸு, அதோட ஆயில் ரொம்ப நல்லாருக்கு சார், வாழ்த்துகள்.

ஆனா கலந்தது யாரு? நேத்துல இருந்து எத்தன தடவ இங்க வந்து நிக்கறேன். நீங்க கலக்கல சார். நீங்க வெள்ளச் சட்ட போட்டிருந்தீங்க, கிட்டக் கூட வரல, கதவுகிட்ட நின்னு போன் பேசிட்டு, கையால இப்படி, ஊத்து ஊத்துன்னு. புனலப் புடிச்சது என் கை. சிரிஞ்சுல அளந்து, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஊத்துனது நான். ஒன்பது வந்தப்ப கை நின்னுச்சு. நின்னுச்சு, பொய் இல்ல. சார், இது மட்டும் தனியா அனுப்பலாமான்னு கேட்டேன். கேட்டனா? கேக்கணும்னு நெனைச்சேன். நெனைச்சதுக்கும் கேட்டதுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு திருப்பித் திருப்பி ஓட்டிப் பாக்கறேன். அப்பத்தான் நீங்க போன எறக்கி, பேப்பர்ல உன் பேரு செகண்டாப் போடறேன் மோகனப்பிரியான்னு சொன்னீங்க. ஆமா, அப்பத்தான். அபிதா பேரு இல்ல, என் பேரு மட்டும். என் கை நகர்ந்துச்சு. ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. மூடியத் திருகுனேன். டிஷ்யூவால பாட்டிலத் தொடச்சு லேபிள் ஒட்டுனேன், எவ்வளவு சுத்தமா ஒட்டுனேன், ஒரு சுருக்கம் இல்லாம. இதச் சொன்னா நீங்களும் சிரிப்பீங்க, அப்ப நீயும்தானன்னு. ஆமா, நானும்தான். நானும்தான்னா நீங்க இல்லைன்னு ஆயிருமா? நானும்தான்ங்கறத வெச்சுத்தான நேத்து என் வாயக் கட்டுனீங்க, அந்த ரிப்போர்ட்டத் திருப்பி என் கையெழுத்த வெரலால தட்டித் தட்டிக் காட்டுனீங்க.

வந்த ரிப்போர்ட்டு ஒரு பக்கம், அதுக்கு அடியில சாம்பிள் எடுத்தவன்னு என் கையெழுத்து. அத வெச்சு நீங்க கட்டுன கோட்ட எத்தன மாடி. பதினெட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்துன ஆயில, பன்னெண்டு வண்டிக்கும், முப்பத்தாறாயிரம் ஓட்டலாம்னு, என் பேரும் போட்டு சர்க்குலர். சுற்றுச்சூழலைக் காக்கும் மாணவி ஆய்வுன்னு கேட்ல ஃபிளெக்ஸு, நீங்க நடுவுல, நான் ஓரத்துல பாதித் தோளோட. எங்கம்மா அந்த போட்டோவப் போன்ல வெச்சிருக்காங்க, தறில எல்லாருக்கும் காட்டிருக்காங்க. நானும் பேசாம இருந்தேன், ஒரு மாசம், சங்கடம் கொஞ்சம், பெரும கொஞ்சம், ரெண்டையும் கலந்தா திருப்திகரந்தான். செங்கோட்டுவேல் அண்ணன் மூணு தடவ ஷெட்டுல போய்க் கேட்டிருக்காரு, என் வண்டிக்கு மட்டும் ஆயில மாத்திக் குடுங்க, மூடியக் கழட்டுனா உள்ள காபி ஆடையாட்டம் நொர கட்டி நிக்குதுன்னு. மூணு தடவையும் சர்க்குலரக் காட்டிருக்காங்க. இத நேத்து ஓரங்கட்டுன எடத்துல, வேப்பமரத்துக்கு அடியில பசங்கெல்லாம் ஆட்டோ புடிக்க ஓடறப்ப எங்கிட்டச் சொன்னாரு. ஒரு கோவம் இல்ல அந்தக் கொரல்ல.

"உம் பேரு போட்டிருந்துச்சு அம்முணி. நீ பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் திரும்பி வந்துட்டேன்."

அடிச்சிருக்கலாம் அந்த மனுசன். நீங்க சொல்றீங்க தூண்டிவிட்டேன்னு. நான் அவர நிறுத்த வெக்கல சார். நிறுத்த வேண்டிய வண்டிய ஒரு மாசம் ஓட வெச்சேன். அந்தக் குத்தத்தக் கேளுங்க, ஒத்துக்கறேன், அதக் கேக்க மாட்டீங்க, ஏன்னா அதுல உங்க பேரு மொதல்ல இருக்கு, என் பேரு செகண்டு. இன்னைக்குக் காலைல ஏறறப்ப அண்ணன்கிட்ட பதினோரு மணிக்கு நானும் உள்ள வரட்டுமான்னு கேட்டேன். தலையத் திருப்பாம, நீ ஒண்ணும் பேசிப்போடாத அம்முணி, கடைசி வருசம், எழுதி முடிச்சுட்டுப் போற வழியப் பாருன்னாரு. சரிங்கண்ணான்னு உக்காந்தேன். அவ்வளவு சீக்கிரம் சரின்னு சொன்னேன். அந்தச் சரி வாயில இன்னும் கசக்குது.

கணவாய்மேடு வந்துருச்சு. ரெண்டு கிலோமீட்டர் ஏத்தம், ஒரு பக்கம் பாறக் கரடு, இன்னொரு பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழ கோழிப்பண்ணக் கூரைங்க தகரம் தகரமா மின்னுது. நேத்து எரிஞ்சது இங்கதான், ஏத்தத்தோட தொடக்கத்துல, அந்த வேப்பமரத்துகிட்ட; இன்னைக்கு மரத்தத் தாண்டிட்டோம். முன்னாடி செங்கல் லோடு லாரி ஒண்ணு உருண்டுட்டுப் போகுது, ஆமையாட்டம். அண்ணன் கியரக் கொறைக்கறாரு, நாலு, மூணு, ரெண்டு. டக் டக்னு அந்தத் தட்டு இப்ப கதவுல இல்ல, கதவுல இல்லவே இல்ல, காலுக்கு அடில, ஷூ வழியா முட்டிக்கு ஏறுது. கண்ணு டேஷ்போர்ட விட்டு நகர மாட்டேங்குது. ஸ்டீரிங்கோட வளைவுக்கும் அண்ணனோட முழங்கைக்கும் நடுவுல ஒரு சந்து, அதுல அந்த பல்பு. எரியல. எரியாது. சூடாயிருச்சு, ஆயில் தண்ணியா எளகியிருக்கும், ரெண்டாவது கியர்ல இஞ்சின் மெதுவாச் சுத்தறப்ப பம்பு தூக்காது, இப்ப எரியும். எரியாது. நேத்து எரிஞ்சது வயரிங் கோளாறுன்னு நீங்க சொன்னீங்க, வயரிங்காவே இருக்கட்டும், முருகா, வயரிங்காவே இருந்து நான் முட்டாளாப் போயிர்றேன். இஞ்சின் சுத்தாம இறுகிப் புடிச்சுருச்சுன்னா என்னாகும்னு அண்ணன் ஒரு தடவ சொல்லிருக்காரு, சிரிச்சுட்டேதான் சொன்னாரு. ஸ்டீரிங் கல்லாயிரும். காத்தடிக்கற கம்ப்ரஸர் நின்னு போகும், டேங்க்ல மிச்சம் இருக்கற காத்துக்கு மூணு நாலு தடவ பிரேக்கு புடிக்கலாம், அதுக்குள்ள ஒதுக்கிரணும். எங்க ஒதுக்கறது? இந்தப் பக்கம் கரடு, அந்தப் பக்கம் கோழிப்பண்ண. பின்னாடி ஹாரன் அடிக்குது, திரும்பிப் பாக்கறேன், டேங்கர் லாரி, கண்ணாடி பூரா அதோட மூஞ்சி. ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஃபார்முலாவ மறந்துட்டு நாக்கக் கடிச்சுக்கறா. என் தோள்ல ஈரம், அபிதா எச்சி ஒழுக விட்டுட்டா. திரும்பறேன். எரியுது.

செவப்பா, சின்னதா, கடுகு மாதிரி. மினுக்கல, நின்னு எரியுது. அண்ணன் பாத்துட்டாரு. பாத்தது எனக்குத் தெரியும், கழுத்து ரெண்டு கோடும் ஒண்ணாச் சேந்துச்சு. வலது காலு பிரேக்குக்குப் போகும்னு நான் காத்துட்டு இருக்கேன். போகல. நேத்து போச்சு, யோசிக்கவே இல்ல, நேத்து அந்தக் காலு ஒரு டிரைவரோட காலு. இன்னைக்கு ஆக்ஸிலேட்டர் மேல அப்படியே இருக்கு. கைய எடுத்துக் கர்ச்சீப்ப உருவி மொகத்தத் தொடச்சுட்டு மறுபடியும் ஸ்டீரிங். நிறுத்த மாட்டாரு. மெமோ பாக்கெட்டுல இருக்கு, பதினோரு மணிக்கு ரெண்டாவது நாளும் நிறுத்துனான்னு எழுதுவீங்க, அதனால நிறுத்த மாட்டாரு. இதப் பண்ணிட்டீங்க சார். இஞ்சினக் கெடுத்தத விடுங்க, இஞ்சின் இரும்பு, வேற மாட்டிக்கலாம். பல்பு எரிஞ்சா நிறுத்தற ஒரு மனுசன, பல்பு எரிஞ்சா வேர்வையத் தொடச்சுட்டு ஓட்டறவனா ஒரே நாள்ல மாத்திட்டீங்க, ஒரு பக்கம் டைப் பண்ண பேப்பர வெச்சு. அண்ணா, நிறுத்துங்கண்ணான்னு சொல்றேன். முன்னாடி குனிஞ்சு மறுபடியும் சொல்றேன். மேல இருக்கற கண்ணாடில அவர் கண்ணு என்னப் பாக்குது.

"மேடு ஏறிட்டா அணைஞ்சுரும் அம்முணி. ஒண்ணுமில்ல."

எனக்குச் சொல்லல. அவருக்குச் சொல்லிக்கறாரு. அம்பத்திரெண்டு பேரு பின்னாடி, பாட்டு, லெமன் சாதம், யாருக்கும் ஒண்ணும் தெரியல, எல்லாரும் அந்தப் பதிமூணாவது பஸ்ஸுல, திருப்திகரமான பஸ்ஸுல போய்ட்டு இருக்காங்க. நான் மட்டும் ஒன்பதுல இருக்கேன். நானும் அவரும். கம்பியப் புடிச்ச கை வழுக்குது. ஒரு வளைவு. செங்கல் லாரி எடது பக்கம் ஒதுங்கி வழி விடுது. தட்டற சத்தம் இப்ப தட்டு இல்ல, அரைக்குது. இன்னொரு வளைவு. எங்கம்மா இந்நேரம் தறியில நூல் அறுந்தா நிறுத்திட்டு முடிச்சுப் போடுவாங்க, நூல் அறுந்தா நிறுத்தறதுக்கு அங்க யாரும் மெமோ குடுக்கறதில்ல. உச்சி. வண்டி முன்னாடி சாயுது, அண்ணன் மூணாவதத் தட்டறாரு, இஞ்சின் வேகமெடுக்குது. பல்பு மினுக்குது. மறுபடியும் மினுக்குது. அணைஞ்சுருச்சு. பின்சீட்டுல அடுத்த பாட்டு ஓடுது, அவங்களுக்கென்ன, எதுவும் நடக்கலைல்ல. எதுவும் நடக்கல, அதனால நீங்க சொன்னதுதான் சரி, அதனால வயரிங், அதனால சாயங்காலம் இதே வண்டி, நாளைக்கு இதே மேடு. நடக்கற வரைக்கும் எல்லாம் திருப்திகரம்.

காலேஜ் கிரவுண்டுல பன்னெண்டு பஸ்ஸும் வரிசையா நிக்குது. அண்ணன் நம்ம எடத்துல நிறுத்தி இஞ்சின ஆஃப் பண்றாரு. எல்லாரும் எறங்கறாங்க, அபிதா வாயத் தொடச்சுட்டு வாடின்னு இழுக்கறா. அவரு எறங்கல. ரெண்டு கையையும் ஸ்டீரிங் மேல வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்காரு, சாமி கும்புட்டு முடிச்சவங்க ஒரு நிமிசம் நிப்பாங்களே, அப்படி. அவர் மறுபடியும் பேசாத அம்முணின்னு சொல்லிருவாரோன்னு பயந்து எறங்கிட்டேன். கேட்ல நீங்க. இன்னைக்கு உங்களுக்கு டிசிப்ளின் டூட்டி, கைல மைக், தோள்ல தொங்கற ஸ்பீக்கர், பன்னெண்டு பஸ்ஸுல எறங்குன கூட்டமும் உங்களத் தாண்டித்தான் உள்ள போகணும். ஐடி கார்டு எங்க, டக்கின் பண்ணு, ஏய், நீ, தாடிய எடுத்துட்டு வா. ஒவ்வொரு தாடியாப் பாக்கறீங்க சார். பன்னெண்டு பேரச் சேத்து ஆவரேஜா ஒரு தாடின்னு உள்ள விடறதில்ல. அபிதா என் பைய இழுக்கறா, வேணாம்டிங்கறா, அவ கைய எடுத்து விடறேன். உங்க முன்னாடி நிக்கறேன். நீங்க என்னத் தாண்டிப் பின்னாடி நிக்கறவன் தாடியப் பாக்கறீங்க.

"சார், பன்னெண்டு பஸ் ஆயிலயும் ஒரே பாட்டில்ல ஊத்துனது நான். ஊத்தச் சொன்னது யாரு?"

மைக்கு இன்னும் உங்க வாய்கிட்டதான் இருக்கு, நான் கேட்டதும் அதுல போயிருச்சு, மெக்கானிக்கல் பிளாக்குச் செவுத்துல பட்டுத் திரும்பி வருது என் கொரலு. நடந்துட்டு இருந்தவங்க நிக்கறாங்க. நீங்க மைக்க எறக்கிட்டு, பல்லக் கடிச்சுட்டு, ரூமுக்கு வந்து பேசுங்கறீங்க. ரூமு. அந்த ஏசி, அந்தக் கதவு, அந்த ரிப்போர்ட்ல தட்டற வெரலு.

"ரூமுக்கு வரமாட்டேன் சார். ஒன்பதுல தண்ணி இருந்துச்சுன்னு அதுக்கு முன்னாடியே உங்ககிட்டச் சொன்னேன். இப்ப வர்ற வழில மறுபடியும் பல்பு எரிஞ்சுது, உங்க மெமோவுக்குப் பயந்து அண்ணன் நிறுத்தல. அதுல வந்த அம்பத்திரெண்டு பேரும் இங்கதான் நிக்கறாங்க. பதினோரு மணிக்கு அவரக் கேக்கறதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. ஒன்பதாம் நம்பர் ஆயில எந்த லேப் தனியாப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லுச்சு? மைக்க மேல தூக்குங்க சார். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."